கடலைக் காட்டில் புனல்வலைச் சிலந்தி

புனல்வலைச் சிலந்தியைப் பார்க்கத் திண்டுக்கல் பக்கம் போங்கள் என்று நான் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆளைக் கொல்லும் ஜாதி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, நம் வரப்பில் இருப்பது வேறு. அந்த வித்தியாசத்துக்காகவே 1961 ஐப்பசியில் நான் ஒரு பயணம் போக நேர்ந்தது. அப்போது மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர் நான். குஜிலியம்பாறைக்கு இரண்டு மைல் தள்ளி அக்கா வீட்டார் மானாவாரியில் கடலை போட்டிருந்தார்கள். கடலை முற்றியும் பிடுங்க ஆள் வர மறுக்கிறார்கள், பூச்சி விவகாரம், உடனே வா என்று மாமா ஆள் அனுப்பியிருந்தார்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காலை ரயில், நாற்பது மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய்ச் சொச்சம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பாய் கடையில் ஆப்பமும் பாயாவும் சாப்பிட்டேன். அந்தப் பாயாவுக்காகவே இன்னொரு தடவை போகலாம். அங்கிருந்து எரியோடு வழியாக இருபத்திரண்டு மைல், டிக்கெட் முக்கால் ரூபாய். நான் இறங்கும் ஊரைச் சொன்னதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டுக்கால் பூச்சி ஆளைக் கொல்லுதாம்ல, அந்த ஊருக்கா போறீக?"

விஷயம் இதுதான். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், ஊரே கேட்கும். சிட்னியில் புனல் மாதிரி வலை கட்டும் சிலந்தி கடித்து ஆள் செத்த செய்தியை அவர் படித்திருக்கிறார். மறுநாள் காலை வரப்பெல்லாம் பனியில் நனைந்து புனல் புனலாக வலைகள்! போதாக்குறைக்கு, கடலை பிடுங்கிய ஒரு பெண்ணுக்குக் கால் வேறு வீங்கிவிட்டது. முள் குத்தியிருக்கும், ஆனால் யார் கேட்பது?

அக்கா என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை, வானத்தைக் காட்டினாள். "மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குதுடி. விழுந்துச்சுன்னா அம்புட்டும் மண்ணுக்குள்ளயே முளைச்சுப் போகும். இந்த வெள்ளாமையும் போச்சுன்னா காட்டை வித்துட்டு மில்லு வேலைக்குப் போறேங்கிறாரு உங்க மாமா."

மறுநாள் விடிந்ததும் காளியம்மாளைப் பார்க்கப் போனேன். ஊரில் பெண்களைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு வருவது அந்த அம்மாள்தான். அவள் ஒரு சொல் சொன்னால் இருபது பேர் வருவார்கள். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல எல்லாம் சொன்னேன். அந்தக் கொலைகாரச் சிலந்தி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், ஈரமும் நிழலும் உள்ள இடத்தில், கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் வாழ்வது. ஆண் சிலந்திதான் மழைக்குப் பின் துணை தேடி அலைந்து வீட்டுக்குள், செருப்புக்குள் புகும். சீண்டினால் முன்னங்காலைத் தூக்கி எதிர்த்து நிற்கும். நம்முடையது வெயில்காட்டுப் புல்லில் இருக்கும், ஆளைக் கண்டால் ஓடும். கடல் தாண்டி அது இங்கே எப்படி வரும் என்று முடித்தேன்.

காளியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "இந்தக் கடலை, மணிலாக் கொட்டையே கப்பல்ல வந்துச்சாம்ல டீச்சரம்மா. பூச்சி வராதாக்கும்?"

எனக்கு வீம்பு வந்துவிட்டது. "வாங்க, நானே கையை விட்டுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெண்கள் எல்லோரும் காட்டு வரப்பில் கூடிவிட்டார்கள். தரையோடு தரையாக வெள்ளைத் துணி விரித்தது போல வலை, அதன் ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி ஒரு குழல். குழல் வாயில் அது உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் படித்ததோடு சரி, நான் ஒருநாளும் தொட்டதில்லை. உட்கார்ந்து கையை நீட்டினேன், குழலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். கையை இழுத்துக்கொண்டு எழுந்து ஓடிவிடலாம் என்றே இருந்தது. அப்போது என் பக்கத்தில் ஒருத்தி குத்தவைத்து, என் கைமேல் தன் கையை வைத்தாள். காளியம்மாள்.

"ஒத்தையில என்னத்துக்கு? ஊருக்கு வந்த புள்ளையத் தனியா விட்டோம்னு பேரு வரக்கூடாது. விடுங்க, நானும் வாரேன்."

இரண்டு கைகளும் சேர்ந்து குழலுக்குள் போயின. சிலந்தி ஒரே ஓட்டமாய் உள்ளே போய், பின்பக்கத் துளை வழியாக வெளியேறிப் புல்லுக்குள் மறைந்தது. பிறகு எழுந்த சிரிப்பில் வரப்பே அதிர்ந்தது. "அடியே, இதுக்குத்தானா சோத்துல மண்ணள்ளிப் போட இருந்தோம்?" என்றபடியே காளியம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு காட்டில் இறங்கினாள். மழை வருவதற்குள் கடலை முழுவதும் களம் சேர்ந்தது. மாமா காட்டை விற்கவில்லை.

நீங்கள் போவதாயிருந்தால் ஐப்பசி முதல் தை வரை போங்கள், பனி உலர்வதற்குள் வரப்பில் நில்லுங்கள். புல் நுனியால் வலையை லேசாகத் தட்டினால் இரை என்று எண்ணிச் சிலந்தி வெளியே வரும். கையை மட்டும் எந்தப் பொந்துக்குள்ளும் விடாதீர்கள், பாம்பும் தேளும் இருக்கிற ஊர். சிட்னிக்குப் போகிறவர்கள் செருப்பை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பின்னாளில் அதற்கு விஷமுறிவு மருந்து வந்துவிட்டது.

என் தைரியத்தை அக்கா இன்றும் மெச்சிக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். அந்தப் பூச்சி கொல்லாது என்று எனக்குத் தெரியும். கொல்லும் என்று நம்பிக்கொண்டேதான் காளியம்மாள் கையை வைத்தாள்.