துணைவர் வருகிறாரா என்று கேட்ட பக்கம்

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினித் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றினேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் துறைத்தலைவன். இணையப் பக்கங்களை அமைக்கும் பாடத்தை அங்கே முதன்முதலில் வகுத்தவன் நான். உள்ளடக்கம், தோற்றம், இயக்கும் நிரல் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். நிரல் ஓடாமல் போனாலும் பக்கம் தன் வேலையைச் செய்தாக வேண்டும் என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதுவேன். எங்கள் பங்காளிகளுள் எவர் வீட்டுக்குக் கணினி வாங்கினாலும் என்னைக் கேட்டே வாங்கினார்கள். இந்தத் துறையில் என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை.

ஆண்டுக்கொருமுறை எங்கள் பங்காளிகள் கோட்டையூரில் உள்ள படைப்பு வீட்டில் கூடி முன்னோருக்குப் படைக்கிறோம். எங்கள் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் காலமாகிவிட்டால் எஞ்சியவர் அரைப்புள்ளி. படைப்பன்று காலையில் ஒவ்வொரு புள்ளியின் பெயரையும் உரக்க வாசிப்பார்கள். பெயருக்குரியவர் எழுந்து சென்று ஒரு கைப்பிடி அரிசியைப் படைப்புப் பானையில் இடுவார். வாசிக்கப்படாத பெயருக்கு அரிசி இல்லை. முன்பெல்லாம் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வருவார். இந்த ஆண்டு அதற்கென ஓர் இணையதளத்தை நான் அமைத்துக் கொடுத்தேன். உலகத் தரநிலைகளுக்கான சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் தேறிய தளம் அது. அந்தத் தேர்ச்சியின் முத்திரையையும் முகப்பின் அடியில் பதித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.20க்குத் திருச்சியிலிருந்து பேருந்து புறப்பட்டது. காரைக்குடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், கட்டணம் எண்பத்தைந்து ரூபாய். கீரனூரைத் தாண்டும்போது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. வண்டியில் வெளியே பார்த்தவன் நான் ஒருவனே என்று நினைக்கிறேன். மற்ற அனைவரின் தலையும் கைபேசிக்குள் கவிழ்ந்திருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் பிள்ளையார்பட்டிக்கு நேர்த்திக்கடனுக்காகப் போகிறவர். மூலவர் நடை எப்போது திறக்கும் என்பதைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. படிப்பதும் எழுதுவதும் வீட்டில் இருபத்தேழு அங்குலத் திரையில்தான். உள்ளங்கையளவு கண்ணாடியில் ஒரு பக்கத்தைப் படிப்பது படிப்பாகாது என்று அன்றும் நினைத்தேன். திருமயம் கோட்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ கடந்து போனது; அதைக்கூட எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டேன்.

8.50க்குக் காரைக்குடி. அங்கிருந்து கோட்டையூர் ஆறு கிலோமீட்டர். இருநூறு ரூபாய்க்கு வந்த ஆட்டோக்காரர் பெயர் மாரி. வழியில் நான் கணினித் துறையில் இருந்தவன் என்று சொன்னதும், தன் மகள் கல்லூரியில் சேர்ந்தது, வண்டிக்குக் காப்பீடு எடுத்தது, அரிசிக் கடைக்குப் பணம் கட்டியது எல்லாமே போனில்தான் என்றார். வீட்டில் கணினி இல்லையா என்று கேட்டேன்.

"பொட்டிக் கம்ப்யூட்டரா? இங்குட்டு அது யாருகிட்ட சார் இருக்கு? பேங்க்குல இருக்கும்," என்றார்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

9.30க்குப் படைப்பு வீட்டில் காரியதரிசி வள்ளியப்பன் என்னை வரவேற்றான். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன், பங்காளி. தளத்திலிருந்து அச்செடுத்த பெயர்ப் பட்டியலை என் கையில் கொடுத்தான். அறுபத்தோரு புள்ளிகள். சிங்கப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூடப் பதிந்திருந்தார்கள். முதல் முறை படித்தபோது பெருமையாகவே இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது ஏதோ குறைவதாகத் தோன்றியது. மூன்றாம் முறை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். அறுபத்தொன்றில் ஓர் அரைப்புள்ளிகூட இல்லை. எங்கள் பங்காளிகளில் அரைப்புள்ளிகள் பதினேழு பேர் என்பது எனக்குத் தெரியும். பதினாறு பேர் பெண்கள்.

அவர்கள் வரவில்லையா என்று கேட்டேன். வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், பெயர்தான் ஏறவில்லை, டவர் கோளாறு என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சிங்கப்பூர்க்காரருக்கு வேலை செய்த தளம் கோட்டையூர் விதவைகளுக்கு மட்டும் எப்படிக் கோளாறாகும் என்று அழுத்திக் கேட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவரச் சென்றான்.

வீட்டின் உள்முற்றமான இரண்டாங்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களிடையே உமையாள் ஆச்சி இருந்தார். என் மூத்த பங்காளியின் மனைவி, எழுபத்துநான்கு வயது. பங்காளி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தெருவில் யார் சென்னைக்குப் போவதானாலும் ரயிலுக்கு முன்பதிவு செய்து கொடுப்பவர் இவர், அதுவும் கைபேசியில். ஆகையால் இவருக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. பெயர் பதியவில்லையே ஆச்சி என்று கேட்டேன். கத்திரிக்காயை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு நாளாப் போட்டேன் தம்பி. அரைப்புள்ளின்னு எங்கயும் காங்கல. கடைசியில உங்க எந்திரம், துணைவர் வருகிறாரான்னு கேட்டுச்சு. போடாமப் போகவும் விடல. செவப்பு எழுத்துல திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. நான் என்னன்னு போட, சொல்லுங்க?"

பக்கத்திலிருந்த இன்னொரு ஆச்சி குனிந்தபடியே, "நான் 'வரமாட்டாக'ன்னு போட்டேன். அப்பவும் ஏத்துக்கிறல," என்றார்.

அந்தக் கேள்வியை எழுதியவன் நான். முழுப்புள்ளிகளில் இருவரும் வருகிறார்களா என்று இலைக்கணக்குக்காகக் கேட்டது அது. அரைப்புள்ளியைத் தேர்ந்தால் அந்தக் கேள்வி மறைந்துவிடும்படிதான் அமைத்திருந்தேன். என் திரையில் அது மறைந்தது. நூறு முறை பார்த்திருக்கிறேன்.

பெயர்களை நானே கையால் எழுதிச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். பட்டியல் மாலை ஆறு மணிக்கு முடிவதால் அதற்கு நேரம் இருந்தது. உமையாள் ஆச்சி தலையை அசைத்தார்.

"எல்லாரும் அதுலதான போட்டாக. எங்களுக்கு மட்டும் ஓரத்துல எழுதுவீகளா? அதுல வந்தா வரட்டும். வராட்டி நாளைக்கு நான் அரிசி போடல."

மற்றவர்களும் அவர் பக்கமே பார்த்தார்கள். வெளியே வந்தபோது வள்ளியப்பன் கூடவே வந்து, இது மூன்று வாரமாகத் தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க செஞ்சதுல தப்புன்னு யாருண்ணே உங்ககிட்ட வந்து சொல்லுவா? சொன்னாத்தான் கேட்டுக்கிருவீகளா?"

இப்படி ஒரு சொல்லை அவனிடமிருந்து நான் கேட்டதில்லை. கைபேசித் தளங்கள் அமைப்பவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒருவர் இருக்கிறார், செல்வி என்று பெயர், இந்த ஆச்சிமார்களில் சிலர் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

மாரியின் ஆட்டோவையே மறுபடி அழைத்து 11.15க்குச் செக்காலை போய்ச் சேர்ந்தேன். பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. மூன்று கணினிகள், ஒரு லேமினேஷன் இயந்திரம். செல்விக்கு நாற்பது வயதிருக்கும். விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். ஊரிலுள்ள நகைக் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் தளம் அமைத்துக் கொடுப்பவர். நான் என் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "பக்கத்த நீங்களே போட்டுப் பாருங்க சார்," என்றார்.

நான் அமைத்த பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகக் கைபேசியில் பார்த்தேன். எழுத்துகள் எறும்பு வரிசை போலிருந்தன. இரு விரலால் விரித்தால் பாதி பக்கம் திரைக்கு வெளியே ஓடியது. 'புள்ளி வகை' என்ற சொல்லின் மேல் மவுஸைக் கொண்டு நிறுத்தினால் முழுப்புள்ளி, அரைப்புள்ளி என்ற பட்டியல் கீழே விரியும்படி நிரல் எழுதியிருந்தேன். கைபேசியில் மவுஸ் ஏது? விரலால் தொட்டேன். பட்டியல் மின்னலைப் போல் தோன்றி மறைந்தது. பக்கம் உச்சிக்குத் தாவியது. ஏழு முறை தொட்டேன். ஏழு முறையும் அப்படியே. எதையும் தேராமல் கீழே இறங்கினால் முழுப்புள்ளி என்று அதுவே எடுத்துக்கொண்டது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். 'துணைவர் வருகிறாரா? இந்த இடத்தை நிரப்பாமல் மேலே செல்ல இயலாது' என்று சிவப்பில் வந்தது. 'இல்லை' என்று நிரப்பியும் பார்த்தேன். துணைவரின் பெயரைக் கேட்டு, அவருடைய கைபேசி எண்ணையும் கேட்டது.

என் மாணவர்களில் ஒருவர் இதைச் செய்திருந்தால் தேர்ச்சி கொடுத்திருக்க மாட்டேன். சோதனையில் பிழையே இல்லாத பக்கம், வந்தவரை உள்ளே விடாமல் நின்றிருக்கிறது.

"உங்களுக்கு நான் போன மாசமே எழுதுனேன் சார்," என்றார் செல்வி. "நாலு ஆச்சிமாரு இங்க வந்து உக்காந்து அழாத குறை. என்ன தப்புன்னு எழுதி, படமும் எடுத்து அனுப்புனேன். நீங்க பதில் போட்டீக."

நினைவு வந்தது. அறிமுகமில்லாத ஒருவர் என் தளத்தைக் குறை சொல்கிறார் என்று முதல் வரியோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன். படங்களைத் திறக்கவே இல்லை. செல்வி என் பதிலைக் கைபேசியில் எடுத்து, குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தார்: "தளம் உலகத் தரநிலைகளின்படி அமைந்தது. தங்கள் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளவும்."

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் குறைவு. அன்று கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கடவுச்சொல்லைக் கேட்டார்.

வேலை பெரிதன்று, அதுவே என்னை மேலும் உறுத்தியது. ஒளிந்து விரியும் பட்டியலை எடுத்துவிட்டு முழுப்புள்ளி, அரைப்புள்ளி இரண்டையும் கட்டைவிரலுக்கு எட்டும் அளவில் பக்கத்திலேயே வெளிப்படையாக வைத்தோம். அரைப்புள்ளிக்குத் தனிப் படிவம். அதில் துணைவர் என்ற சொல்லே கிடையாது. பக்கத்தின் அகலத்தைக் கைபேசியின் அகலத்துக்கு அடங்கச் செய்தோம். நான் எழுதியிருந்த நிரலில் நூற்றுப்பதினெட்டு வரிகளை நீக்கினோம். இறுதியில் செல்வி தன் கைபேசியில் நிரல் ஓடுவதையே நிறுத்திவிட்டு ஒரு பெயரை அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதை நான் செய்துபார்க்க அறுபத்தொன்பது வயதாகியிருக்கிறது. அவர் முந்நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்ததை ஏற்கவில்லை.

3.40க்குக் கோட்டையூர் திரும்பினேன். ஐந்து மணிக்குள் பதினாறு பேரின் பெயர் ஏறிவிட்டது. உமையாள் ஆச்சி மட்டும் பலகாரச் சட்டியை விட்டு எழவில்லை. நான் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. வீட்டு முகப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 5.35க்குக் கை கழுவிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் எதிரிலேயே வந்து அமர்ந்து கைபேசியைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்தார். அனுப்பிவிட்டு அடுத்து என்ன வருகிறது என்று காத்திருந்தார். பெயர் பதிவாகிவிட்டது என்று வந்தது.

"இப்பக் கேக்கல," என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை 9.10க்குப் பெயர் வாசிப்புத் தொடங்கியது. எழுபத்தெட்டுப் பெயர்கள். உமையாள் ஆச்சியின் பெயர் பதினான்காவது. முழுப்புள்ளிகளுக்கிடையில், வயதின் வரிசையில் வந்தது. எழுந்து போய் அரிசியை இட்டார். திரும்பும்போது என்னைப் பார்க்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் 1.30க்கு வள்ளியப்பன் மைக்கைப் பிடித்து, டவர் கோளாறால் சிலருக்கு நேர்ந்த சிரமத்தை அண்ணன் நேரில் வந்து ஒரே நாளில் தீர்த்து வைத்தார் என்று அறிவித்தான். கைதட்டினார்கள். அதைத் திருத்திச் சொல்ல நான் எழுந்து நின்றேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு மேலும் தட்டினார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

3.15 பேருந்தில் திரும்பினேன். மறுபடி எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. இம்முறை நானும் அவர்களுடைய திரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: எந்தப் பக்கம் விரலுக்கு அடங்குகிறது, எது நழுவுகிறது, எதில் ஒருவர் மூன்று முறை தொட்டுவிட்டுச் சலித்து மூடுகிறார் என்று. திருச்சியில் என் மேசையில் இருபத்தேழு அங்குலத் திரை அப்படியே இருந்தது. அதில் என் பக்கம் எப்போதும் சரியாகத் தெரிந்தது.

வள்ளியப்பன் சொன்ன காரணம் பங்காளிகள் எல்லோருக்கும் செய்தியாகவும் போயிருக்கிறது. இரண்டு பேர் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தச் செய்தி தவறு. கோட்டையூரில் அந்த மூன்று வாரமும் டவர் இருந்தது. உமையாள் ஆச்சி அதே நாட்களில் அதே கைபேசியில் நான்கு பேருக்கு ரயிலில் முன்பதிவு செய்து கொடுத்திருக்கிறார். அவர்களுடைய கைபேசிகளிலும் பழுதில்லை. பக்கத்தைக் கைபேசியில் ஒருமுறையும் திறந்து பார்க்காமல் வெளியிட்டவன் நான். அதை எழுதித் தெரிவித்தவரிடம் கருவியைச் சரிபார்க்கச் சொன்னவனும் நான்.