சத்தம் வேண்டாம், கை போதும்

லண்டனில் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் தமிழன் என்றால் ஊருக்கே என்னைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. அமெரிக்க மலைநாட்டின் பழைய நாட்டுப்புற மெட்டுகளை, ஒலிபெருக்கி ஏதுமில்லாமல், பப்புகளின் மாடியறைகளில் வாசிப்பது என் தொழில். தொழில் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பகலில் கவுன்சில் அலுவலகத்தில் நான் பார்க்கும் வேலையைத்தான் அக்கா தொழில் என்பாள்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். அதுதான் முறை. கேட்க வருபவர்கள் குறைவு. மாடியேறி வருபவர்களிலும் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள். முடிந்ததும் நல்ல மனசுள்ள வெள்ளைக்காரர் ஒருவர் தவறாமல் என்னிடம் வந்து, உங்கள் ஊர்ச் சங்கீதம் ஏதாவது வாசிக்கலாமே என்று கனிவோடு கேட்பார். பக்கத்தில் பிடில் வாசிக்கும் குரோய்டன் வெள்ளைக்காரரிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் ஆட்களோ சுற்றி வளைப்பதில்லை. "அண்ணை, இதிலை சினிமாப் பாட்டு வருமோ?" என்பார்கள். வாசிக்க மாட்டேன் என்றால், பாவம், இவருக்கு ஏலாது என்று முடிவுகட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: நான் வாசித்து அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கிங்ஸ்பரியில் அக்காவோடு இருக்கிறார். பாஞ்சோவின் வட்ட முகத்தையும் நீண்ட பிடியையும் கண்ட முதல் நாளே அதற்குத் தாச்சி என்று பெயர் வைத்துவிட்டார். மீன் பொரிக்கிற தாச்சிதான். "தாச்சியோடை எங்கை வெளிக்கிட்டாய்?" என்பார். பப்புக்கு வரமாட்டார், குடிக்கிற இடமாம். வேறு மண்டபத்துக்குக் கூப்பிட்டால் முழங்கால் நோ வந்துவிடும். அதே முழங்காலோடு வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்குப் பகல் முழுக்க நிற்பார். ஒரேயொரு மெட்டையாவது அவர் இருந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தலை நரைத்த பிறகு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கொரு வழி அக்கா மகளின் சாமத்திய வீட்டில் பிறந்தது. பிள்ளை பெரியவளானதைக் கொண்டாட வெம்பிளிப் பக்கம் பெரிய மண்டபம் ஒன்றை எடுத்திருந்தார்கள். "மாமா, திஸ் இஸ் ஸோ எம்பரசிங்" என்று மருமகள் என்னிடம் முறையிட்டாள். அவளை யார் கேட்டார்கள்?

"நீதானே தாய்மாமன்," என்றாள் அக்கா. "பிள்ளையின்ரை பல்லக்குக்கு முன்னாலை வாசிச்சுக்கொண்டு வா. அப்பா முன்வரிசையிலை இருப்பார். பப்புக்குப் போடுற அந்தக் கட்டம் போட்ட சேர்ட்டோடை வந்திடாதை."

நிதானமான மெட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நடந்துகொண்டே வாசிக்கலாம், அப்பாவுக்கும் பிடிபடும். கவுன்சில் கழிப்பறையில்கூட விரல்களை ஆட்டிப் பழகினேன்.

லண்டனில் எங்கள் கொண்டாட்டங்களை நடத்துவது ஐயர் இல்லை, வீடியோக்காரர். அவர் சொன்னால் ஐயர் ஏற்றிய விளக்கை அணைத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவார். அன்று வேட்டியும் பாஞ்சோவுமாக வாசலில் நின்ற என்னிடம் அவர் வந்தார்.

"அண்ணை, வாசிக்காதேங்கோ. வாசிக்கிற மாதிரிச் செய்யுங்கோ."

"ஏன்?"

"இப்ப டீஜே பாட்டுப் போடுவார். பிறகு வீடியோவிலை நான் வேறை மியூசிக் போடுவன். உங்கடை சத்தம் இடையிலை நிண்டு குழப்பும். சத்தம் வேண்டாம், கை போதும். கொஞ்சம் சிரியுங்கோ."

நான் அக்காவைப் பார்த்தேன். "அவர் சொல்லுறதைச் செய்யன், தம்பி. சனம் பாக்குது," என்றாள்.

கதவு திறந்தது. புகை வந்தது. டீஜேயின் பெட்டிகள் அதிர்ந்ததில் என் வயிறும் அதிர்ந்தது. பின்னால் பல்லக்கில் மருமகள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வீம்புக்கு வாசித்தேன். பழகிய மெட்டை ஒரு சுரம் விடாமல், உண்மையாகவே வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. முன்வரிசைக்கு வந்தபோது பார்த்தேன், அப்பா இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். அழுகை வந்தது. வீடியோக்காரர் தன் வாயை இரு விரலால் இழுத்துக் காட்டினார். சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து வீடியோ வந்தது. பப்புக்குப் போகிற வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். பாஞ்சோவை வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனால், செவன் கிங்ஸிலிருந்து வந்த மாமியை இருத்தி அப்பா வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். திரையில் நான் வந்துகொண்டிருந்தேன். பாதி வேகத்தில் ஓடவிட்டு, மேலிருந்து பூவும் கொட்டியிருந்தார்கள். என் கை அசைய அசைய நாதஸ்வரம் பொழிந்தது. தவில் அதிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு கூட்டம் வயலின்களும் சேர்ந்துகொண்டன.

"என்ரை மகன். விரலைப் பாருங்கோ, என்ன நிதானம்!" என்றார் அப்பா.

"அருமையான வாசிப்பு," என்றார் மாமி.

அப்பா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இப்பிடி வாசிப்பாய் எண்டு ஏனடா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

அதற்குள் அவர் கண் திரும்பவும் திரைக்குப் போய்விட்டது.

"அந்தத் தவில்காரர் ஆர்? உனக்கு நல்லா ஒத்துப்போறார்."

"தெரிஞ்ச ஆள்தான், அப்பா."

பாஞ்சோ வாசலில்தான் இருந்தது. எடுத்து வந்து அதே மெட்டை அவர் காதுக்குப் பக்கத்தில் வாசித்திருக்கலாம். தவில் எங்கே என்று கேட்பார். அப்பா மாமியின் சம்மதம் கேளாமலே வீடியோவைத் திரும்ப முதலிலிருந்து போட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து என் விரல்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்திருக்கிறேன்.