சுமை ஏறிய லாரிகளின் வெளிச்சம்

பூலி என்ற ஊரிலிருந்து மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் ச்சிங்-யுவானின் விளக்குக் கடை. தைவான் மலையில் இருட்டில் லாரி ஓட்டுகிற எவனுக்கும் கம்பெனி மாட்டிக் கொடுத்த விளக்கு போதாது. மழை பெய்தால் மலை கல்லை உருட்டிவிடும், பனி இறங்கினால் சாலையே கண்ணில் படாது. அதனால் இவரிடம் வந்து வெள்ளை எல்.இ.டி. மாட்டிக்கொண்டு போவார்கள். மனுஷன் வேலையில் சுத்தம். எதிர்ச்சுவரில் கோடு போட்டு, லாரியை நேராக நிறுத்தி, வெளிச்சம் கோட்டைத் தாண்டாதபடி திருகிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

எல்லாம் சரி, சுவருக்கு முன்னால் நின்றதெல்லாம் காலி லாரி ஆயிற்றே! மேலே போய் முட்டைக்கோஸை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராக ஏறும். இத்தனை வருஷத் தொழிலில் இது அவருக்குத் தோன்றவே இல்லையென்றால் யாரைப் போய் நோவது?

அவருடைய மனைவி யூ-லான்தான் சொன்னாள். கோஸ் கட்டும் கொட்டகைகளுக்குச் சாயங்காலம் சோற்றுப் பெட்டி கொண்டுபோவது அவள் பிழைப்பு. அவள் ஸ்கூட்டரில் ஏறுகிற நேரமும், தைப்பே சந்தைக்கு லாரிகள் இறங்குகிற நேரமும் ஒன்று.

“கோயில் வளைவுல கண்ணே அவிஞ்சு போகுது. சாலை எங்க, பள்ளம் எங்கன்னு தெரியல. குத்துமதிப்பாத்தான் ஓட்டுறேன்” என்றாள்.

கறுப்புக் கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்று இவர் சிரித்தார். ஒருநாள் பின்னால் உட்கார்ந்து போனபோதுதான் தெரிந்தது. அந்த வளைவில் தன் கையால் மாட்டிய விளக்கே எதிரே வர, அவருக்கும் சாலை தெரியவில்லை. பக்கத்திலேயே பள்ளம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து விளக்கைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லி லாரிக்காரர்களிடம் கெஞ்சினார். ஆ-தெ என்கிற டிரைவர் யூ-லான் கைச் சோற்றுக்கு அடிமை. அவனே பாக்கை மென்றுகொண்டு முடியாது என்று தலையாட்டினான்.

“எறக்குனா கல்லு தெரியாதுண்ணே. நீங்க எறக்குனா, நான் வேற கடையில ஏத்திக்குவேன்.”

அவன் சொன்னதும் பொய்யில்லை. தொழிலை விட்டுவிடு என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அத்தனை பேருக்கும் நீ போய்ப் பொங்கிப் போடுவாயா என்று கேட்டுவிட்டுப் போனாள். பயம் ஆளை அரிக்க ஆரம்பித்தது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். ஸ்கூட்டரின் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு, கடையிலேயே பலமான வெள்ளை விளக்கை மாட்டினார். இனிமேல் அவள் வருவது லாரிக்காரர்களுக்கு வளைவுக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்தார். “கடையையே என் தலையில கட்டிட்டியா?” என்று அவள் கிண்டல் செய்தாலும், உள்ளுக்குள் சந்தோஷம்தான். இவருக்குப் பயம் போகவில்லை. கொட்டகை போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் கூப்பிடும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

பனி கொட்டிய ஒரு சாயங்காலம் அந்தப் போன் ஆ-தெயிடமிருந்து வந்தது.

இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, யூ-லானைக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆ-தெ தாழ்வாரத்தில் தரையோடு தரையாகக் கிடந்தான்.

“அண்ணி வண்டி மங்கலாத்தான் வரும். அதப் பாத்தாலே நான் வெளிச்சத்தத் தாழ்த்தி ஓரமா நின்னுடுவேன், எப்பவும்” என்றான். “இன்னிக்கு வெள்ளை வெளேர்னு வந்துச்சுண்ணே. எவனோ கார்க்காரன் திமிர்ல அடிக்கிறான்னு நெனச்சு நானும் முழுசா அடிச்சேன். ஒதுங்கல. அண்ணி வண்டியோட பள்ளத்துல விழுந்துட்டாங்க.” அழுதுகொண்டே அவர் காலைப் பிடித்துக்கொண்டான். “அந்த விளக்க எவண்ணே மாட்டிவிட்டான்?”

“நான்தான்” என்றார் ச்சிங்-யுவான்.