"நல்லா இருக்கனுங்க"

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நடந்தது இது. அப்போது சோமனூரில் சொந்தமாகக் கொஞ்சம் தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். என் கணவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண், வெளிக்குப் போனால் ரத்தம். குழாய் விட்டுப் பார்த்து, கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். மருந்து ஏற்றி, குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் கணவர் மரியாதைக்காரர். எங்கள் பக்கம் யாராவது நலம் விசாரித்தால், காய்ச்சலில் கிடந்தாலும் 'நல்லா இருக்கனுங்க', அதாவது நன்றாகத்தான் இருக்கிறேன், என்றுதான் பதில் வரும். இவர் அதற்கும் ஒரு படி மேல். கேட்டவரைத் திருப்பி விசாரித்த பிறகுதான் முனகவே ஆரம்பிப்பார்.

வீடு வந்த சில நாளில், விடிந்தும் விடியாமல் கொல்லையில் துணி கசக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட அலசியறியாத மனுஷர், குந்தி உட்கார்ந்து வேட்டி துவைத்துக்கொண்டிருக்கிறார். கல்லைச் சுற்றி ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னவென்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ரத்தம் முழுசாக நிற்கவில்லையாம். பெரிய டாக்டர் அத்தனை பேர் முன்னால் அன்பாகக் கேட்கும்போது போய் அதையா சொல்வது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது.

அன்றைக்கே வாடகைக் கார் பிடித்து, அதே வார்டில் மறுபடியும் சேர்த்தோம். இந்தத் தடவை நான் கழிப்பறை வாசலிலேயே காவல் நின்றேன். ஒருநாள் காலை ரத்தமாகவே போனதைப் பார்த்துவிட்டேன், வயிறு வேறு உப்பிக்கொண்டு வந்தது. நர்ஸிடம் இவர் மூச்சு விடவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. டாக்டரிடமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சி, தலையாட்ட வைத்திருந்தேன்.

ரவுண்ட்ஸ் வந்தது. டாக்டருக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நல்லா இருக்கனுங்க. நீங்க சௌக்கியங்களா?" என்றார்.

டாக்டர் சிரித்தார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இவர் என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். அடுத்த கட்டிலில் இருந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. நான் எழுந்து நின்றேன்.

"ஏனுங்க டாக்டர், அவரு சொல்றது பொய்ங்க. காலைல இருந்து ரத்தமாத்தான் போகுதுங்க. வயித்தத் தொட்டுப் பாருங்க."

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வந்து, மறைப்பை இழுத்துவிடச் சொல்லி, வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் கூப்பிட்டார்கள். குடல் வீங்கி நிற்கிறது, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயே ஓட்டை விழுந்திருக்கும் என்றார்கள். பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது, மருந்து கேட்காவிட்டால் கத்திதான். அவர் வயிற்றைப் பார்த்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன். "என்ற மானத்த வாங்கிப்போட்டயே அம்மணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் டாக்டர் வந்து அதையே கேட்டார். இவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரியும் ரத்தம் போச்சுங்க. வயிறு கல்லாட்ட இருக்குதுங்க" என்றார். அதைக் கேட்டு நான் வராண்டாவுக்குப் போய் அழுதேன். மருந்து மெதுவாகக் கேட்டது. கத்தி வைக்காமலே தப்பித்தார்.

இன்றைக்கும் எங்கள் ஊரில் யாராவது 'நல்லா இருக்கனுங்க' என்றால், அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் என் கண் முன்னால் வருகிறது; பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்காமல் என்னால் எழுந்து வர முடிவதில்லை.