பழைய தூள் பற்றிய இரண்டு வரி

விக்கிப்பீடியாவில் எழுதும் குழுவுக்குள் அவர் காலடி வைத்ததே சண்டை போடத்தான். நூலக மாடியில் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கையிலிருந்த போனை ஆட்டியபடி, "குடிதண்ணி டேங்க்கை எப்பவாவது கழுவினா போதும்னு போட்டிருக்கே, எந்த மகராசன் எழுதினது?" என்றார்.

வகுப்பெடுத்த ஒருங்கிணைப்பாளர், கல்லூரி முடித்த கையோடு வந்த இளைஞன். "தப்புன்னா நீங்களே திருத்துங்கண்ணே. யாரு வேணா திருத்தலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்று உட்கார்ந்தவர்தான். தண்ணீர்த் தொட்டி, குழாய், வால்வு, கிணறு என்று வரிசையாக எழுதித் தள்ளினார். அவர் வேலையும் அதுதான்: பம்ப் அறையில் மோட்டார் போடுவது, தொட்டியில் குளோரின் தூள் கலப்பது. குழுவில் எல்லோருக்கும் அவர் டேங்க்காரர்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு ஓவர்டைம் வேறயா?" என்பாள் மனைவி. "நீங்க எழுதுறதை நீங்களும் அந்தத் தம்பியும்தான் படிக்கிறீங்க."

அந்தச் சொல் முள்ளாய்த் தைத்திருந்த நேரத்தில்தான் கிணற்று நீரைச் சுத்தம் செய்யும் கட்டுரையில் அவர் எழுதிய இரண்டு வரி காணாமல் போனது. நீக்கியவர் குழுவின் நிர்வாகி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எதையும் வெட்டிவிடுவதால் குழுவில் கத்திரியம்மா என்று பெயர். 'ஆதாரம் இல்லை' என்று ஒரு குறிப்பு மட்டும். "இருபது வருஷமா கையால கலக்குறேன், எனக்கே ஆதாரமா?" என்று பொருமிவிட்டு அவர் விக்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. ஆற்றோர ஊர்களில் வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு பிற்பகல், ஒருங்கிணைப்பாளர் நனைந்துகொண்டு பம்ப் அறைக்கு வந்தான். விட்டுப்போனவர்களைத் தேடிப் போய், அவர்கள் எழுதியதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டுவது குழுவின் புது ஏற்பாடு.

"அண்ணே, இதைப் பாருங்க. உங்க கிணத்துக் கட்டுரை."

படித்தவர்களின் எண்ணிக்கை காட்டும் வரைபடத்தில், தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த கோடு, மழை தொடங்கியதும் சுவரில் ஏறும் பல்லிபோல நிமிர்ந்திருந்தது. நேற்று மட்டும் இருபதாயிரத்துச் சொச்சம் பேர்.

"யோவ்! இத்தனை பேரா?" அவர் முகமெல்லாம் பல். "இதை எம் பொண்டாட்டிக்கு அனுப்பு முதல்ல. என்னமோ நாம ரெண்டு பேருதான் படிக்கிறோம்னாளே!"

சொல்லிக்கொண்டே கட்டுரையை விரலால் தள்ளினார். விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"தம்பி... அந்த அம்மா எடுத்த ரெண்டு வரி இன்னும் இல்லையே."

"எந்த ரெண்டு வரிண்ணே?"

"பழைய குளோரின் தூளுக்கு வீரியம் போயிடும்னு எழுதியிருந்தேன். மேல போட்டிருக்கிற அளவு, நமக்கு வர்ற புது மூட்டைக்கு. மழை வந்தா கடையில புதுசு தீர்ந்துடும். பரண்ல கிடக்கிறதை எடுத்துப் போடுவாங்க. தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு நம்பிப் பிள்ளைங்களுக்குக் கொடுப்பாங்க." அவர் திரையைத் தட்டினார். "இத்தனை பேரு படிக்கிறாங்கடா!"

திருத்தும் பொத்தானை அழுத்தினார். பக்கம் பூட்டியிருந்தது. படிக்கிற கூட்டம் கூடியதும் யாரோ விஷமிகள் கண்டதை எழுத, நிர்வாகி பூட்டிவிட்டிருந்தார்.

"அப்போ அந்த அம்மாவைத்தான் கூப்பிடணும்" என்றான் ஒருங்கிணைப்பாளர் தயங்கித் தயங்கி.

அந்த அம்மாவோடு இந்த ஜென்மத்தில் பேச்சில்லை என்று சொன்னவர்தான். போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் டேங்க்காரன் பேசுறேம்மா. அந்த ரெண்டு வரியை உடனே சேருங்க."

"அட, கோவம் தணிஞ்சுதா? ஆதாரம் என்ன?"

"ஜனங்க வயித்தால போய்ச் சாகட்டுமா? இப்பவும் ஆதாரமா?"

"இப்பதாங்க ரொம்ப வேணும். காலையிலேர்ந்து ஒருத்தன் சாம்பலைப் போடுன்னு எழுதுறான், இன்னொருத்தன் உப்பைப் போடுங்கிறான். எல்லாரும் அனுபவம்னுதான் சொல்றாங்க. நான் யாரை நம்புறது? அன்னைக்கே சண்டை போட்டிருந்தா நானும் சேர்ந்து தேடியிருப்பேன். நீங்க மூஞ்சியத் தூக்கிட்டுப் போனீங்க. அச்சுல ஏதாவது இருக்கா, இல்லையா?"

அவர் போனைக் காதோடு வைத்தபடி சுற்றிலும் பார்த்தார். சாவிக்கொத்து மாட்டும் ஆணியில், தூசி படிந்து, பணியில் சேர்ந்த புதிதில் பயிற்சியில் கொடுத்த சுகாதாரத்துறைக் கையேடு தொங்கியது. தினமும் சாவி எடுக்கும்போது கையில் இடிக்கிற சனியன். பிரித்துப் புரட்டினார். இருந்தது. அவர் எழுதியதைவிடத் தெளிவாகவே இருந்தது.

"இருக்கும்மா! அச்சுல இருக்கு!"

"வெளியிட்டது யாரு, எந்த வருஷம்? அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்க."

அட்டை இல்லை. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். போன மழைக்கு மேசை ஆடியபோது அவரேதான் அதைக் கிழித்து, மடித்து, காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

"தூக்குடா தம்பி!"

பதிவேடும் தண்ணீர்க் குவளையும் சரிந்து விழ, இளைஞன் மேசையைத் தூக்கினான். நசுங்கிய அட்டையை அவர் உருவி, வேட்டியில் துடைத்தார். ஒரு மூலை அழுகியிருந்தது. பெயரும் வருடமும் பிழைத்திருந்தன.

படம் போனது. மோட்டார் இரைச்சலில் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்றைக்கெல்லாம் கட்டுரையின் உச்சியில், சிவப்புக் கட்டத்துக்குள், வரிகள் வந்து அமர்ந்தன: பழைய தூள் வீரியம் இழந்திருக்கும், தேதி பாருங்கள், சந்தேகமிருந்தால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

"அண்ணே, இனிமே படிக்கிறவங்களுக்குக் கவலையில்ல."

"நேத்துப் படிச்சவங்க?" என்றார் அவர்.

இளைஞன் குனிந்து, விழுந்து கிடந்த பதிவேட்டை எடுத்தான். அவர்களுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டேங்க்காரர் இப்போதும் அதே பம்ப் அறையில்தான் வேலை பார்க்கிறார். விக்கியிலும் எழுதுகிறார், கத்திரியம்மா வெட்டினால் அன்றைக்கே போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். மேசைக்கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.