இறந்தவர்களுக்கு மட்டுமே பெயர்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்திற்கு அந்த அம்மாள் எங்கள் கண்காட்சிக்கு வந்தார். நிமிடம் வரை சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. வருகிறவர்களின் நேரத்தை வாசலில் இருந்த ஏட்டில் குறிப்பது அன்று என் பொறுப்பாக இருந்தது. நேரத்தை நான் எழுதினேன். பெயரை அவர் எழுதவில்லை.

"பார்த்துட்டு வந்து எழுதுறேன்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குடும்ப வரலாற்றுச் சங்கம் ஒன்றில் அப்போது நான் ஒன்றரை ஆண்டாகத் தொண்டூழியம் செய்துகொண்டிருந்தேன். சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், கடைவீட்டின் மேல்மாடியில் அதன் அலுவலகம் இருந்தது. மக்கள் பழைய அடையாள அட்டை, கப்பல் சீட்டு, திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் கொண்டுவருவார்கள். நாங்கள் அவற்றைப் படித்து, தேதிகளைச் சரிபார்த்து, குடும்ப மரம் வரைந்து தருவோம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சனி, ஞாயிறில் அந்த மரங்களைச் சுவரில் மாட்டிப் பொதுமக்களை அழைப்போம்.

சுவரில் மாட்டும் படங்களுக்கு ஒரு விதி உண்டு. உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுதுவதில்லை. அவர்களுடைய கட்டத்துக்குள் 'வாழ்கிறார்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். இறந்தவர்களுக்கே பெயரும் தேதிகளும். தனியுரிமையைக் காக்க ஏற்பட்ட விதி அது, நியாயமானதும்கூட. இன்னொரு விதி, படத்தில் எதை மாற்றவும் ஆவணங்களைக் கொடுத்த குடும்பத்தாரின் கையெழுத்து வேண்டும் என்பது. இலக்கியம் படிக்கிற எனக்கு விதிகளோடு வேலை செய்வது பிடித்திருந்தது. வகுப்பில் எதற்கும் பல பொருள் சொல்லலாம். இங்கே ஒருவர் இருந்தார் அல்லது இல்லை.

அந்த ஆண்டு நான் தனியாகச் செய்து முடித்த முதல் மரம், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்த ஒருவருடையது. அவருடைய பேரன் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான்கு மகன்கள், ஒரு மகள். மகளைப் பற்றி டின்னில் இருந்தது ஒரே ஒரு காகிதம்: கருமாதிப் பத்திரிகை. நான்கு மூலைகளிலும் கறுப்பு பூசிய அட்டை. இன்னாருடைய ஏக புத்திரி, இருபத்திரண்டு வயதில் சிவபதவி அடைந்தாள் என்று அதில் அச்சிட்டிருந்தது.

அந்த அட்டையில் மூன்று விஷயங்கள் என் கண்ணில் பட்டன. தகனம் எங்கே நடந்தது என்று அதில் இல்லை. கருமாதி பதினாறாம் நாள் அல்ல, மூன்றாம் நாளே நடந்திருந்தது. இறந்த நேரமும் இல்லை. தகனப் பதிவேட்டின் நகல்களைத் தேடினேன். அவற்றிலும் அவள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். மணமாகாத பெண் என்பதால் சடங்கைச் சுருக்கியிருப்பார்கள். பதிவேட்டில் பக்கங்கள் தொலைந்திருக்கும். என்ன நோய் என்று பேரனைக் கேட்டபோது, காய்ச்சல் என்று தன் அப்பா சொன்னதாகச் சொன்னார். கட்டத்தில் இறந்த தேதியை எழுதினேன். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: "மணமாகாமல், காய்ச்சலில் மறைந்தார். நான்கு சகோதரர்களின் நினைவில் மட்டும் அவர் தொடர்ந்து வாழ்ந்தார்." இரண்டாவது வாக்கியத்தை நான்கு முறை திருத்தியிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

பதினொரு மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள், சாம்பல் நிற முக்காட்டோடு, நான் வரைந்த தஞ்சோங் பகார் படத்தின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை நீட்டி, தாளைத் தொடாமல் படித்தார்.

"யாரும்மா எழுதுனது இது?"

"நான்தாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க." அவர் விரல் என் குறிப்புக்கு நேரே வந்து நின்றது. "காய்ச்சல்னு யாரு சொன்னா?"

"அவங்க குடும்பத்துல சொன்னாங்க."

"ம்." அவர் என் பக்கம் திரும்பினார். "செத்தவளுக்கு உக்கார ஒரு நாற்காலி கிடைக்குமா புள்ள? முட்டி வலிக்குது."

நான் நாற்காலி எடுக்கப் போனேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்தபோது நாற்காலி என் கையில் இருந்தது. அதை அவருக்குப் பின்னால் வைக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவர் சொன்னது சுருக்கமானது. துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டார். மதம் மாறினார். அவருடைய அப்பா மகன்களைக் கடலோரம் கூட்டிக்கொண்டு போய்த் தலைமுழுகச் செய்தார். தலைமுழுகியதோடு அந்த அப்பா நிற்கவில்லை. அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகை அடித்து, மூன்றாம் நாள் கருமாதியும் செய்துவிட்டார்.

"எங்க வீட்டுக்கும் வந்துச்சு," என்றார். "கதவுக்கு அடியில போட்டிருந்தாங்க. என் கருமாதிக்கு எனக்கே அழைப்பு."

"போனீங்களா?" இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"போனேன். எதுத்தாப்புல நின்னேன். நல்ல கூட்டம். சாப்பாடெல்லாம் போட்டாங்க." சிரித்தார். "எங்க அத்தை ஒருத்தி மட்டும் சாப்பிடாமப் போயிட்டா. அவளுக்குத் தெரியும் போல."

எங்கள் ஒருங்கிணைப்பாளரை நான் அக்கா என்பேன். வார நாட்களில் பள்ளி ஆசிரியர். எதற்கும் பதறாதவர். அவரைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன். படத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

"குடும்ப மரம் போட வந்து சண்டை போட்டவங்களப் பார்த்திருக்கேன்," என்றார் மெதுவாக. "மரத்துல இருந்து எறங்கி வந்தவங்கள இப்பதான் பார்க்கிறேன்லா. சரி. உயிரோட இருக்காங்கன்னா பேர எடுத்துட்டு 'வாழ்கிறார்'னு போடணும். அதுக்கும் சைன் வேணும். பேரனக் கூப்பிடு."

பேரன் பொங்கோலில் இருந்து இரண்டு மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த அம்மாளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். அவர்களுக்கு ஒரே நெற்றி, ஒரே புருவம். நான் காகிதங்களில் மாதக்கணக்காகத் தேடிய உறவு இரண்டு முகங்களில் அப்படித் தெரிந்தது.

"நீ பெரியண்ணன் மகனா?" என்று அவர் கேட்டார்.

பேரன் தலையை மட்டும் அசைத்தார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய அப்பா, அந்த அம்மாளின் அண்ணன், இன்னும் இருக்கிறார். படிக்கட்டில் நடந்த பேச்சில் பேரன் பேசிய பாதி மட்டும் எங்களுக்குக் கேட்டது. "நேர்ல நிக்கிறாங்கப்பா... இல்லப்பா, பொய் இல்ல... நீங்க ஒரு வார்த்தை..." உள்ளே வந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"தாத்தா முடிவு பண்ணதாம். அத மாத்த தனக்கு உரிமை இல்லைன்னு அப்பா சொல்றாரு. உயிரோட இருக்கான்னு தாத்தா படத்துல எழுதக்கூடாதாம்." அக்காவிடம் சொன்னார், "அந்தக் கட்டத்தையே எடுத்துடுங்க டீச்சர். பிரச்சினை வேணாம். நான் சைன் போட்டுத் தர்றேன்."

"எடுக்க வேணாம் தம்பி," என்றார் அந்த அம்மாள். அவர் எழுந்து நின்றிருந்தார். "செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். பேரு இருக்குல்ல."

காரணத்தையும் அவரே சொன்னார். மதம் மாறியபோது அடையாள அட்டையில் அவருடைய தகப்பன் பெயர் போய்விட்டது. மதம் மாறுகிறவர்களுக்கு வழக்கமாக எழுதும் 'அப்துல்லா' என்ற பெயர் அங்கே வந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் தங்கள் தாய்வழித் தாத்தாவின் பெயரை எந்தக் காகிதத்திலும் பார்த்ததில்லை. புகைப்படம் ஒன்றும் அவரிடம் இல்லை. எங்கள் கண்காட்சியில் தஞ்சோங் பகார் குடும்பம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஈசூன் வீட்டிலிருந்து தனியாக எம்ஆர்டி ரயில் ஏறி வந்திருக்கிறார். படத்தைப் பார்த்த கையோடு, நான் வாசலில் நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளுக்குப் போன் செய்து நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்.

"அப்பா பேருக்குக் கீழ என் பேரு இருக்கு. அத மட்டும் புள்ளைங்க பார்க்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுங்க. அப்புறம் கிழிச்சுப் போடுங்க."

"செத்துட்டாங்கன்னு போட்டிருக்கேம்மா," என்றார் அக்கா.

"அதான் நான் பக்கத்துல நிப்பேன்ல."

பேரன் தரையைப் பார்த்தபடி படிவத்தில் கையெழுத்திட்டார். கட்டத்தை நீக்கச் சொல்லும் படிவம். பேனாவை மூடிவிட்டு, கிளம்பாமல் நின்றார்.

"ஈசூன்ல எந்த புளோக்?" என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

அவர் தன் அடுக்குமாடியின் எண்ணைச் சொன்னார்.

"எங்க மாமியார் பக்கத்து புளோக். வாரா வாரம் வர்றேன். கீழ காப்பிக் கடையிலதான் உக்காருவேன்."

"நீல பாட்டா செருப்பு போட்டுக்கிட்டு வருவே," என்றார் அவர். "உன்னைப் பார்த்திருக்கேன். அண்ணன் சின்ன வயசுல எப்படி இருந்திச்சோ அப்படியே இருக்கேன்னு நினைச்சேன். பேசல."

பேரன் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த அம்மாள் புறப்படும்போது ஏட்டைக் கேட்டார். பத்து நாற்பதுக்கு எதிரே வெறுமையாக இருந்த இடத்தில், தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, படத்தில் இருந்த பெயரையே தமிழில் எழுதினார். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று.

மாலையில் அக்கா புதிய படத்தை அச்சிட்டார். அவர் மகிழ்ச்சியோடு செய்யவில்லை. கையெழுத்து வந்துவிட்டது, விதி விதிதான் என்றார். நாளை பத்து மணிக்குக் கதவு திறக்குமுன் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும்படி என்னிடம் சாவியைக் கொடுத்தார். சுருட்டுவதற்கு முன் நான் அதைப் பார்த்தேன். நான்கு மகன்கள். ஒரு கட்டத்தை எடுத்ததும் மற்றவற்றைச் சம இடைவெளியில் நகர்த்திக்கொள்வது அந்த மென்பொருளின் இயல்பு. அங்கே ஒருவர் இருந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்றிடம்கூட இல்லை. ஒழுங்கான, அழகான படமாக அது இருந்தது.

வீடு திரும்பும் ரயிலில், என் எதிரே இருந்த வயதான பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர்களில் எத்தனை பேரை யாரோ எங்கோ எழுதி முடித்திருப்பார்கள் என்ற எண்ணம் விடவில்லை. தகனப் பதிவேட்டில் அவர் இல்லை. தகன இடம் இல்லை. இறந்த நேரம் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தவிர வேறெதையும் அவை சொல்லவில்லை. ஒரு காகிதம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று படிக்கப் பயின்றவள் நான். அந்த மௌனங்களை எல்லாம் கேட்டும், அவற்றுக்கு மேல் ஒரு நல்ல வாக்கியம் எழுதினேன். அவருடைய அப்பா ஒருமுறை செய்த கருமாதியை, இத்தனை காலம் கழித்து நானும் ஒருமுறை செய்திருந்தேன். அவர் கோபத்தில் செய்தார். எனக்கு அந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கதவைத் திறந்தேன். கீழே பூக்கடையில் மட்டும் ஆள் நடமாட்டம் இருந்தது. புதிய படத்தை மேசைமேல் விரித்து, அதன் வெள்ளை ஓரத்தில் இருந்து இரண்டு துண்டுகள் வெட்டினேன். ஒன்றைப் பழைய படத்தில் என் குறிப்பின்மேல் ஒட்டினேன். இன்னொன்றை இறந்த தேதியின்மேல் ஒட்டினேன். தாள் மெல்லியது, எண்கள் அடியில் தெரிந்தன. மூன்றாவதாக ஒரு துண்டு வெட்டி, அதன்மேலேயே ஒட்டினேன். பெயரைத் தொடவில்லை. பெயருக்குக் கீழே 'வாழ்கிறார்' என்று எழுதி, கட்டத்தில் இருந்து பென்சிலால் ஒரு கோட்டைக் கீழே இழுத்து, மூன்று வெறும் கட்டங்கள் வரைந்தேன்.

மாற்றப் பதிவேட்டில் இதை உள்ளது உள்ளபடி எழுதினேன். குடும்பத்தாரின் ஒப்புதல்: இல்லை. ஆதாரம்: நேற்று நேரில் பார்த்தேன், பேசினேன். கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். பிறகு அக்காவுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். அவருக்குக் காரணங்கள் சொல்லி ஆறு வரிகள் எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "கழற்றவில்லை" என்று மட்டும் அனுப்பினேன்.