மூடியைத் திறந்தால் ஓடுகிற வண்டி

ஆயுத பூசை கழிந்த மறுவாரமே எங்கள் பிக்கப்புக்கு இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நாங்குநேரியில் வாழை இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்புவார். வெயில் ஏறுமுன்னே திருநெல்வேலி டவுணில் இலைக்கடையில் இறக்கியாக வேண்டும். மூன்றடைப்பு வரை வண்டி சமர்த்தாகப் போகும். அதைத் தாண்டினால் இழுவை குறைந்து, குலுங்கி, திக்கித் திக்கி ஓரத்தில் போய் நின்றுவிடும். வாடின இலையைக் கல்யாண வீட்டுக்காரன் கையால் தொடுவானா?

மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயைக் கழற்றி ஊதினார். பம்பைப் பிரித்துப் பூட்டினார். பட்டறையில் நிற்கும்போது வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும், ரோட்டுக்குப் போனால் வேலையைக் காட்டும். கடைசியில் இஞ்சினையே இறக்கிப் பார்க்கணும் என்று கையை விரித்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? மெக்கானிக்கைத் திட்டினேன். மண்ணெண்ணெய் கலந்திருப்பான் என்று பங்க்காரனைத் திட்டினேன். ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறீர்கள் என்று இவரையும் விடவில்லை.

ஒருநாள் இவர் சாப்பிட்டுக் கைகழுவும்போது மெதுவாகச் சொன்னார். ராதாபுரத்து அண்ணாச்சி ஒருத்தர் வெள்ளிக்கிழமை வண்டி பார்க்க வருகிறாராம். வண்டியை விற்றுவிட்டு இவர் பம்பாய்க்குப் போகப் போகிறாராம். சித்தப்பா மகன் அங்கே வேலைக்குச் சேர்த்துவிடுவானாம். எனக்கு அப்போது நாலு மாசம். எங்கள் தெருவில் பம்பாய்க்குப் போனவர்கள் மூன்று பேர். அவர்கள் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பொங்கலுக்குப் பொங்கல்தான் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலையில் இலைக்கட்டு ஏறியதும் நானும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி இலை வண்டியிலா என்று தடுத்தார். விற்கப்போகிற வண்டியில் ஒரு தடவையாவது டவுணுக்குப் போகிறேன் என்று ஒரே பிடியாக இருந்தேன். அந்தச் சனியன் எப்படித்தான் நிற்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு.

மூன்றடைப்பு தாண்டியதும் திக்க ஆரம்பித்தது. இவர் ஓரங்கட்டி இறங்கினார். டீசல் காட்டும் முள் செத்து ஒரு வருசமாகிவிட்டதால், எங்கே நின்றாலும் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பதுதான் இவருக்கு முதல் வேலை. மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று ஒரு சத்தம். குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. மூடிவிட்டு, பானட்டைத் திறந்து எதையோ தட்டிவிட்டு ஏறினார். வண்டி ஜம்மென்று கிளம்பியது. தட்டினதில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பொன்னாக்குடிக்கு முன்னால் மறுபடியும் அதே கூத்து.

எங்கப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்மூலையில் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால் மளமளவென்று கொட்டும். அந்த 'உஸ்' சத்தம் எனக்கு மண்டையில் உறைத்தது அப்போதுதான். வண்டி ஒவ்வொரு தடவையும் ஓடியது இவர் தட்டினதால் இல்லை, மூடியைத் திறந்ததால்.

"ஏங்க, வேற எதையும் தொடாதீங்க. மூடிய மட்டும் லேசாத் திருகுங்க."

"ஏட்டி, டீசல் கெடக்கு. இப்பம்தான பாத்தேன்."

"திருகுங்கன்னு சொல்லுதேன்லா."

திருகினார். 'உஸ்' என்றது. அணையப் போன இஞ்சின் ரெண்டு தடவை செருமிவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. பானட்டைத் திறக்கவே இல்லை. இவர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே!

மூடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். காற்றுப் போக அதன் தலையில் ஒரு பொடி ஓட்டை இருக்க வேண்டும். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தது. வைத்தது வேறு யார்? நான்தான். பூசைக்கு வண்டியைக் கழுவினது இவர், சந்தனம் வைத்தது நான். ஸ்டியரிங், கியர், நாலு சக்கரம் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு வாய் இதுதானே என்று டேங்க் மூடிக்கு மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு அப்பியிருந்தேன். ஊரையெல்லாம் திட்டின என் வாயில் வசம்பைத்தான் தேய்க்க வேண்டும்.

இவர் சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கீங்க? பக்தி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றேன்.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குடைந்தேன். வாய் வைத்து ஊதினேன், காற்று போனது. மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு ஏறினோம். அப்புறம் அந்த வண்டி ஓடினதுதான் ஓட்டம்! பாளையங்கோட்டை தாண்டி, கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்க, எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இலைக்கடை அண்ணாச்சி அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். மெக்கானிக்கால் ஆகாததை ஒரு ஊக்கு செய்துவிட்டது என்று அவரிடம் ரெண்டு தடவை சொன்னேன். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பம்பாயைப் பற்றி இவரும் மூச்சு விடவில்லை. கேட்டுவிட வேண்டியதுதானே? என் வாய்க்கே தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராதாபுரத்து அண்ணாச்சி வந்துவிட்டார். வண்டியை விற்கவில்லை என்று இவர் சொன்னதும் அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வேலையைப் போட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தவர், கோபம் நியாயம்தான். வீட்டிலேயே கொண்டு விடுகிறேன் என்று இவர் அவரை வண்டியில் ஏற்றினார். நானும் ஏறிக்கொண்டேன். பனங்காட்டு ரோட்டில் வண்டி ராதாபுரம் வரை ஒரு செருமல் செருமவில்லை.

அண்ணாச்சி இறங்கி பானட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வண்டியில்லா வே. இத வித்துட்டு எங்க போவதா இருந்தீரு?"

"பம்பாய்க்கு அண்ணாச்சி."

"இப்பம்?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்பம் வீட்டுக்குத்தான்."

அந்த வார்த்தைக்காகத்தான் ரெண்டு நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.